சிரிப்பிலும் சுயராஜ்யம்

துன்பம் வரும்போது சிரித்துவிடு என்று வள்ளுவர் உபதேசித்தார். நம் துன்பத்தைக் கண்டு பிறன் சிரித்தால் என்ன செய்வது? அந்தப் பிறன் நம்மையே மேடையில் ஏற்றி, நம் துன்பத்தை நாமே நடித்துக் காட்டும்படி ஏவி, டிக்கெட்டு வாங்கிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்து சிரித்தால் என்ன செய்வது? அமெரிக்காவின் கறுப்பு இனத்து ஹாஸ்ய நடிகர்கள் நூறு வருஷங்களுக்கு மேலாக விடை தேடிவரும் கேள்வி இது. அவர்கள் கண்ட விடைகளை ஆராய்வது பொழுதுபோக்கு விஷயமன்று. அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற எந்தத் தேசத்தாரும் அறிந்துகொள்ள வேண்டிய படிப்பினை அதில் இருக்கிறது.

மான நஷ்ட வழக்கில் ஒரு வார்த்தையின் குற்றத்தை நிர்ணயிக்கும்போது, சொன்னவர் யார், யாரைக் குறித்துச் சொன்னார், கேட்டவர் அதற்கு என்ன பொருள் கொண்டார் என்ற மூன்றையும் நீதிஸ்தலத்தில் விசாரிப்பார்கள். நிறத்தைப் பற்றிய ஹாஸ்யத்துக்கும் இதே விசாரணை பொருந்தும். முதலிரண்டு கேள்விகளும் எளியவை. மூன்றாவதுதான் கறுப்பு நடிகர்களை வாட்டியது. பேச்சு நம்முடையது, சிரிப்போ கேட்பவனுடையது. அதை அடக்கியாள்வது எப்படி?

கரி பூசிய முகம்

கதை 1830-ஆம் வருஷத்தையொட்டி ஆரம்பமாகிறது. தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர், சுட்ட தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கந்தல் உடுத்து, கறுப்பு அடிமையைப் போல் நொண்டி நொண்டி ஆடிப் பாடினார். அந்த வேஷத்துக்கு 'ஜிம் குரோ' என்று பெயர். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 1843-இல் கரி பூசிய வெள்ளைக்காரர் கோஷ்டியொன்று நியூயார்க்கில் இதையே தனி நிகழ்ச்சியாக நடத்தியது. பிறகு பல்லாண்டுகள் அமெரிக்க மேடைகளில் மிகவும் செல்வாக்குப் பெற்று விளங்கிய களியாட்டம் இதுதான். அதில் வரும் கறுப்பன் சோம்பேறி, சில்லறைத் திருடன், பயந்தாங்கொள்ளி, எஜமானனுடைய அடிமையாயிருப்பதிலேயே ஆனந்தம் காண்பவன். பருத்திக் காட்டில் சவுக்கடி பட்டவனை நேரில் கண்டிராத வட மாகாணத்து வெள்ளையர் பலர், கறுப்பன் என்றால் இந்தக் கோமாளிதான் என்று நம்பினார்கள்.

பின்னர் நடந்ததை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. சில ஆண்டுகளுக்குள் தென் மாகாணங்கள், ரயில் வண்டியிலும் பள்ளிக்கூடத்திலும் சாப்பாட்டு விடுதியிலும் கறுப்பரைப் பிரித்து ஒதுக்கத் தொடங்கின. அதற்கென்று சட்டங்களும் இயற்றின. 1896-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அந்தப் பிரிவினைக்கு முத்திரை குத்திக் கொடுத்தது. அச்சட்டங்களுக்கு வழங்கிய பெயர் என்ன? 'ஜிம் குரோ' சட்டங்கள்! மேடைக் கோமாளியின் பெயர் ஒரு கொடுங்கோன்மைக்கே பட்டப்பெயர் ஆகிவிட்டது. ஒரு ஜனசமூகத்தை மனிதராக மதியாத சட்டத்தைத் தேசம் சகித்துக்கொண்டதென்றால், அவர்களை மனிதராக மதியாத சிரிப்பு அதற்கு முன்பே பழகிப் போயிருந்தது. 'வெறும் வேடிக்கைதானே, இதற்கு ஏன் இத்தனை ஆக்ஷேபம்?' என்று கேட்கும் கனவான்கள் இதைச் சற்று யோசிப்பார்களாக.

முகமூடிக்குள் இருந்த மனிதர்

கறுப்பர் தாமே மேடையேறும் காலம் வந்தபோது, வெள்ளைக்காரன் தைத்து வைத்திருந்த அதே சட்டையைத்தான் அவர்களும் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 1874-இல் பஹாமாத் தீவுகளில் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ் வெளிர்ந்த நிறமுடையவர், புஸ்தகப் பிரியர். அவரும் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டே நடித்தார். கறுப்பு இனத்தில் பிறந்தது போதாதென்று, வெள்ளைக்காரனுடைய கற்பனையிலிருந்த கறுப்பனாகவும் அவர் ஆக வேண்டியிருந்தது! அவருடைய கூட்டாளி ஜார்ஜ் வாக்கர் கரி பூசாமல் நடித்தார். கறுப்பரே இயற்றி கறுப்பரே நடித்த 'இன் டஹோமி' என்ற இசை நாடகத்தை இருவரும் 1903-இல் நியூயார்க்கின் பெரிய அரங்கமொன்றில் ஏற்றினார்கள்; அதே வருஷத்தில் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் ராஜ குடும்பத்தார் முன்னிலையிலும் நடித்தார்கள்.

வாக்கர் நோயுற்று விலகிய பின்பு, 1910-இல், ஸீக்பெல்டு என்பாரின் பிரசித்தி பெற்ற நாடகக் கம்பெனியில் வில்லியம்ஸ் சேர்ந்தார். கறுப்பருடன் ஒரே மேடையில் நிற்க மாட்டோமென்று வெள்ளை நடிகர் சிலர் முரண்டினார்கள். உங்களில் எவரையும் மாற்றிவிடலாம், இவரை மாற்ற இயலாது என்று முதலாளி பதில் கூறியதாகச் சொல்வார்கள். திறமைக்குக் கிடைத்த ஜயம்தான். ஆயினும் இரவில் ஆயிரக்கணக்கானவர் கைதட்டி அனுப்பிய அந்த மனிதர், தாம் தங்கிய ஹோட்டலில் வேலைக்காரர் செல்லும் லிப்டில்தான் ஏறிச் செல்லலாம். காதில் அந்தக் கைதட்டல் இன்னும் ஒலித்துக்கொண்டிராவிட்டால் இது இவ்வளவு வருத்தாது என்று அவர் சொன்னதாக, உடன் நடித்த எடி காண்டர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1922-இல் டெட்ராய்ட் நகரத்து மேடையில் வில்லியம்ஸ் மயங்கி விழுந்தார். அதையும் விகடமென்று எண்ணிச் சபையோர் சிரித்ததாகச் சொல்லப்படுகிறது. சில தினங்களில் அவர் காலமானார். முகமூடி அணிந்தவன் சாகும்போதுகூட அவனுடைய வலியை எவரும் நம்புவதில்லை!

இவர் ஏன் கரியைத் துடைத்தெறியவில்லை என்று இன்றைக்குக் கேட்பது எளிது. துடைத்திருந்தால் அந்நாளில் மேடை கிடைத்திராது. அவர் செய்தது வேறு. அந்த அவலட்சணமான முகமூடிக்குள்ளே, அதிர்ஷ்டம் கெட்ட, தனித்த, ஆனாலும் மனம் உடையாத ஒரு மனிதனைக் குடியேற்றினார். சிரிக்க வந்தவர்களில் சிலராவது சிறிது மௌனமானார்கள். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அவ்வழியின் எல்லை எது என்பதையும் அவர் வாழ்க்கையே காட்டிவிட்டது.

ஒரு பத்திரிகையின் போர்

1928-இல் 'ஏமஸும் ஆண்டியும்' என்ற ரேடியோ விகட நாடகம் தோன்றியது. இரு வெள்ளைக்காரர் கறுப்பரின் குரலைப் போலப் பேசி, அவர்களை அசடர்களாகவும் எத்தர்களாகவும் காட்டினார்கள். தேசமே மாலையில் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கேட்டது. 1931-இல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பர் பத்திரிகை, அந்நாடகத்தை நிறுத்த வேண்டுமென்று பத்து லட்சம் கையெழுத்துச் சேர்க்கும் இயக்கத்தைத் தொடங்கியது. அதன் ஆசிரியர் ராபர்ட் வான் தொழிலால் ஒரு வக்கீல் என்பதை ஒரு தனித் திருப்தியோடு குறிப்பிடுகிறோம். கையெழுத்துகள் லட்சக்கணக்கில் குவிந்தன, நாடகமோ நிற்கவில்லை. 1951-இல் அது டெலிவிஷனுக்கும் ஏறியது. இம்முறை நடித்தவர்கள் கறுப்பர்களே. ஆயினும் ஆக்ஷேபம் ஓயவில்லை. இரண்டே ஆண்டில் புதுக் காட்சிகள் நின்றன. 1966-இல் பழைய காட்சிகளையும் ஒளிபரப்பிலிருந்து விலக்கினார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நடிப்பவன் நம்மவன் என்பதனால் மட்டும் ஹாஸ்யம் நம்முடையதாகிவிடாது. தென்னாட்டில் பிறந்த போலீஸ்காரன் வீசினான் என்பதற்காக வெள்ளைக்கார சர்க்காரின் தடி நம்முடைய தடி ஆகிவிட்டதா?

நாற்காலி கேட்டவர்

1960-ஆம் வருஷம் வரையில் வெள்ளையர் கூடும் விடுதிகளில் கறுப்பு நடிகர் ஆடலாம், பாடலாம்; மனிதனுக்கு மனிதனாக நேரே நின்று பேசுவது அபூர்வம். அந்தத் தடையை உடைத்தவர்களில் முக்கியமானவர் டிக் கிரெகரி. 1961 ஜனவரியில் சிக்காகோ நகரத்து 'பிளேபாய்' விடுதியில் ஒரு நாள் இரவுக்கு மட்டும், வேறொருவருக்குப் பதிலாக, அவரை அழைத்திருந்தார்கள். அன்று சபையில் நிறைந்திருந்தோர் தென் மாகாணங்களிலிருந்து வந்த வெள்ளை வியாபாரிகள். விடுதிக்காரர்களே அஞ்சி, வேண்டாமென்றால் விட்டுவிடலாமென்றார்கள். கிரெகரி விடவில்லை; மேடையேறினார். ஒரு நாள் ஏற்பாடு பல வாரங்களாக நீண்டது.

அவருடைய விகடத்தின் போக்குக்கு ஓர் உதாரணம். தென்னாட்டுச் சாப்பாட்டு விடுதியொன்றில் பரிசாரகி, 'கறுப்பருக்கு இங்கே பரிமாறுவதில்லை' என்றாளாம். ஆங்கிலத்தில் அதே வாக்கியத்துக்கு, 'கறுப்பரைச் சமைத்துப் பரிமாறுவதில்லை' என்றும் பொருள் கொள்ளலாம். தாம் கறுப்பரைத் தின்கிறவரல்லவென்றும், ஒரு முழுக் கோழி போதுமென்றும் இவர் விடையளித்தாராம். நேயர்களே, இங்கே சிரிப்பு யார் மீது விழுகிறது? பசித்து வந்தவன் மீதன்று. அவனுக்குச் சோறு மறுக்கும் சட்டத்தின் மீது. நூறு வருஷமாகக் கறுப்பன் பக்கம் திரும்பியிருந்த பீரங்கியை இவர் ஒரே வாக்கியத்தில் மறுபக்கம் திருப்பிவிட்டார்.

அதனினும் மேலாக நாம் மதிப்பது இன்னொரு செய்கையை. ஜாக் பார் என்பவர் நடத்திய பிரபலமான டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு அவருக்கு அழைப்பு வந்தது. அங்கே தோன்றினால் தேசமெங்கும் பெயர் பரவும். ஆனால் அந்நிகழ்ச்சியில் வெள்ளை நடிகர் விகடம் முடிந்ததும் எஜமானரின் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து சம்பாஷிப்பார். கறுப்பு நடிகரோ வேலை முடிந்ததும் வெளியேறிவிட வேண்டியதுதான் என்று கிரெகரி கேள்விப்பட்டிருந்தார். ஆசனம் இல்லையேல் வரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். முடிவில் அவர்கள் இணங்கினார்கள். 1961-இல் அவர் அந்த ஆசனத்தில் அமர்ந்தார். அவர் கேட்டது கைதட்டலையன்று, நாற்காலியை. கைதட்டல் வித்தைக்குக் கிடைப்பது. நாற்காலி மனிதனுக்குக் கிடைப்பது. இதற்குப் பெயர் ஒத்துழையாமை அல்லாமல் வேறென்ன?

ஹாஸ்யம் மட்டும் சட்டத்தைக் கவிழ்க்காது என்பதையும் கிரெகரி அறிந்திருந்தார். மிஸிஸிப்பி மாகாணத்தில் லெப்ளோர் ஜில்லாவில், கறுப்பர் வோட்டுரிமைக்குப் பதிவு செய்யக் கிளம்பிய கோபத்தில், ஏழைகளுக்கு மத்திய சர்க்கார் அளித்துவந்த உணவுப் பண்டங்களின் விநியோகத்தை 1962-இல் ஜில்லா அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். 1963-இல் கிரெகரி ஆகாய விமானத்தில் உணவு மூட்டைகளைக் கொண்டுசேர்த்தார். அங்கே ஊர்வலத்தில் நடந்தார். அதே வருஷம் பர்மிங்ஹாம் நகரில் சிறை புகுந்தார். பின்னர் வியத்நாம் யுத்தத்தைக் கண்டித்து நீண்ட உபவாசங்கள் இருந்தார். மேடையில் சம்பாதிக்கக்கூடிய பெரும் பணத்தை இவற்றுக்காகத் தியாகம் செய்தார். இத்தகைய தியாகத்தின் அருமையை நம் நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சொல்லைத் துறந்தவர்

1940-இல் இல்லினாய் மாகாணத்துப் பியோரியா நகரில் பிறந்து, பாட்டி நடத்திய விபசார விடுதியில் வளர்ந்த ரிச்சர்டு பிரையர், ஆரம்பத்தில் எவர் மனமும் நோகாத சாதுவான விகடங்களைச் சொல்லிப் பணம் சம்பாதித்தார். 1960-களின் இறுதியில் அந்த வேஷம் அவருக்கே சகிக்கவில்லை. அதை உதறிவிட்டு, தாம் வளர்ந்த தெருவின் குரல்களையே மேடைக்குக் கொண்டுவந்தார். குடிகாரன், கிழவன், போலீஸாரிடம் அகப்பட்டு நடுங்குகிறவன் எல்லாரும் அவர் வாயால் பேசினார்கள். வெள்ளையர் கறுப்பரைத் திட்டும் அந்த இழிசொல்லையும் வேண்டுமென்றே எடுத்து வழங்கினார். 1974-இல் வெளியான இசைத்தட்டின் பெயரிலேயே அதை வைத்தார். பகைவனுடைய கத்தியை நாமே பிடுங்கிப் பலமுறை வீசினால் அது மழுங்கிவிடும் என்பது அவர் எண்ணம் போலும்.

1979-இல் அவர் ஆப்பிரிக்காவில் கென்யாவுக்குப் பிரயாணம் செய்தார். அங்கே கடைக்காரரும் கறுப்பர், போலீஸாரும் கறுப்பர், மந்திரிகளும் கறுப்பர். அந்த இழிசொல்லுக்குரியவர் எனத் தோன்றுகிற ஒருவரைக்கூட அவர் காணவில்லை. அப்படியொரு மனித ஜாதி உலகில் இல்லையென்றும், அது எஜமானர்கள் கற்பித்த பொய்யென்றும் அவருக்குப் புலப்பட்டது. அதன் பிறகு அச்சொல்லை விட்டுவிட்டதை, 1982-இல் வெளியான சினிமாவில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அவரே எடுத்துரைத்தார். அமெரிக்காவின் மார்க் ட்வைன் ஹாஸ்யப் பரிசு 1998-இல் ஏற்பட்டபோது முதன்முதலாக அதைப் பெற்றவரும் இவரே. சுதந்திர தேசமொன்றைக் கண்ணால் பார்ப்பது ஒரு மனிதனுடைய நாவையே சுத்தம் செய்துவிட்டது!

ஐந்து கோடி டாலரும் ஒரு சிரிப்பும்

நம் காலத்துக்கு வருவோம். 2003-இல் டேவ் சாப்பெல் என்ற கறுப்பு நடிகர் டெலிவிஷனில் ஒரு விகட நிகழ்ச்சியை ஆரம்பித்தார். நிறவெறியை நையாண்டி செய்வதே அதன் ஜீவன். புகழ் பெருகியது, சுமார் ஐந்து கோடி டாலர் பெறுமான ஒப்பந்தமும் ஏற்பட்டது. 2005-இல், படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே, அவர் எல்லாவற்றையும் விட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். பைத்தியமென்றும் போதைப் பழக்கமென்றும் ஊர் பேசியது.

காரணத்தை மறு வருஷம் அவரே சொன்னார். கரி பூசிய பழைய கோமாளி வேஷத்தில் ஒரு சிறு பூதமாக அவர் நடித்துக்கொண்டிருந்தார். நிறவெறியர் கட்டிவிட்ட உருவத்தைக் கேலி செய்வதே நோக்கம். அங்கிருந்த வெள்ளையர் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் தொனி அவர் நெஞ்சில் தைத்தது. இவர் என்னோடு சேர்ந்து சிரிக்கிறாரா, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரா என்ற சந்தேகம் எழுந்தது. ஐந்து கோடி டாலரால் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க இயலவில்லை.

பெர்ட் வில்லியம்ஸின் கரி நூறு வருஷம் கழித்து மறுபடி மேடைக்கு வந்தது. ஆனால் இம்முறை நடிகருக்கு வெளியேறும் உரிமை இருந்தது. அவர் வெளியேறினார்.

இவரையும் நாம் தேவராக்கவில்லை. பால் மாறி வாழ்வோரைப் பற்றி 2021-இல் இவர் செய்த விகடங்கள், எளிய சமூகமொன்றின் மீது அதே சிரிப்பை ஏவிவிடுவதாகக் கண்டனம் எழுந்தது. அதை வெளியிட்ட கம்பெனியின் ஊழியர்களே வேலையை விட்டு வெளிவந்து ஆட்சேபித்தார்கள். தாம் கேட்ட கேள்வி தம்மையும் கேட்கும் என்பதை எந்தப் போராளியும் மறக்கலாகாது.

பிறப்பே குற்றமானால்

தென்னாப்பிரிக்காவில் 1984-இல் டிரெவர் நோவா பிறந்தார். தாயார் கோஸா இனத்தவர். தகப்பனார் ஸ்விட்ஸர்லாந்து வெள்ளையர். அப்படிப்பட்ட இருவர் கூடுவதே அந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். 1985-இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஆகவே இவர் பிறந்ததே குற்றத்துக்குச் சாட்சியம்! அந்தச் சட்டத்தின் அசட்டுத்தனத்தை நிதானமாக, ஒரு குறுக்கு விசாரணை போல விளக்கியே அவர் உலகைச் சிரிக்கவைத்தார். 2015 முதல் 2022 வரை அமெரிக்காவின் 'டெய்லி ஷோ' நிகழ்ச்சியை அவரே நடத்தினார். காந்தியடிகளை 1893-இல் ரயில் வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, 'கூலி பாரிஸ்டர்' என்று பெயரிட்ட தேசம் இது என்பதை நினைத்தால், அந்தச் சிரிப்பில் நமக்கும் பங்குண்டு.

அமெரிக்காவில் குடியேறிய இந்தியருக்கும் இந்த அனுபவம் நேர்ந்தது. 'சிம்ப்ஸன்ஸ்' என்ற கேலிச் சித்திரத் தொடரில் ஆப்பு என்ற இந்தியக் கடைக்காரனுக்கு 1990 முதல் குரல் கொடுத்தவர் ஹாங்க் அஜேரியா என்ற வெள்ளைக்காரர். இழுத்து இழுத்துப் பேசும் அந்தக் குரலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இந்தியச் சிறுவர்களைப் பரிகசிக்கப் பயன்படுத்தினார்கள். நியூயார்க்கில் பிறந்த ஆந்திர வம்சத்து விகடர் ஹரி கொண்டபோலு 2017-இல் இதைக் குறித்து ஒரு படமெடுத்தார். 2020-இல் அஜேரியா அந்தக் குரலைக் கைவிட்டார். தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அஸீஸ் அன்சாரி 2015-இல் எழுதி நடித்த தொடரில், இந்தியன் என்றால் கொச்சை ஆங்கிலம் பேசியே தீர வேண்டுமென்று கேட்கும் முதலாளிகளைக் கேலி செய்தார். தம் தமிழ்ப் பெற்றோரையே பெற்றோராக நடிக்கவைத்தார். யாரோ சித்திரித்த தகப்பனார் அல்லர். தம் சொந்தத் தகப்பனார்!

நாம் எங்கே சிரிக்கிறோம்?

இவர்கள் வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு பொதுவான உண்மை விளங்குகிறது. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை மறுத்திருக்கிறார்கள். வாக்கர் கரியை மறுத்தார். கிரெகரி நாற்காலியில்லாத மேடையை மறுத்தார். பிரையர் ஒரு சொல்லை மறுத்தார். சாப்பெல் பணத்தை மறுத்தார். அன்சாரி கொச்சைக் குரலை மறுத்தார். கேட்பவனுடைய சிரிப்பை அடக்கியாளுவது நடிகனால் இயலாது. ஆனால் அந்தச் சிரிப்புக்குத் தீனி போட மறுப்பது இயலும். அந்த மறுப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு சாமர்த்தியமான விகடமும் சேவகமாகவே முடியும்.

இவ்வளவும் படித்துவிட்டு, அமெரிக்க வெள்ளையரைக் கடிந்துகொண்டு நாம் திருப்தியடைந்துவிடலாகாது. நம்முடைய தமிழ் சினிமாக் கொட்டகைக்குள் ஒரு நாழிகை உட்கார்ந்து பாருங்கள். கறுத்த மேனியுடைய பெண்ணைக் காட்டினவுடன் ஒரு சிரிப்பு. கறுத்த நடிகனைக் கரியோடும் இருட்டோடும் ஒப்பிட்டவுடன் ஒரு சிரிப்பு. ஏவுகிறவனும் கறுப்பு, சிரிக்கிறவனும் கறுப்பு! கரி பூசத் தக்கை கூட வேண்டாதபடி அந்த வேஷத்தை நம் மனத்திலேயே பூசிக்கொண்டிருக்கிறோம். வெள்ளைக்காரன் 1947-இல் கப்பலேறினான். அவன் நிறத்துக்கு நாம் அளித்த சிம்மாசனம் இன்னும் காலியாகவில்லை. அந்நியனுடைய சட்டத்தை மீறிச் சிறை சென்ற தேசத்தார், தங்கள் தோலைப் பழிக்கும் விகடத்துக்குக் கைதட்டுவது எந்த சுயராஜ்யத்தைச் சேர்ந்தது?

பெரிய தியாகம் எதையும் நாம் இப்போது கேட்கவில்லை. அடுத்த முறை அத்தகைய விகடம் காதில் விழும்போது, நம் நேயர்கள் சிரிக்காமல் இருப்பார்களாக. நூறு பேர் சிரிக்காமல் இருந்தால் விகடக்காரன் தயங்குவான். ஆயிரம் பேர் சிரிக்காமல் இருந்தால் வேறு விகடம் தேடுவான். சிரிக்க மறுப்பதும் ஒரு சத்தியாக்கிரகமே.